நீல உடைப் பெண்மணி மீது விசாரணை

ஃபிரிட்ஜ் மெக்கானிக் அன்று காலை ஒரே ஒரு வார்த்தை சொல்லிவிட்டுத்தான் வீட்டை விட்டுக் கிளம்பினான். “ஆகலாம்.” அவ்வளவுதான். கொலையில்லை, கொள்ளையில்லை. ஆனால் பஸ்ஸில் தொங்கிக்கொண்டு போய்க் கலைக்கூடத்து வாசலில் இறங்குகிற வரைக்கும் அந்த வார்த்தை, தண்ணீரில்லாமல் விழுங்கிய மாத்திரை மாதிரி தொண்டையிலேயே நின்றது.

நடந்தது இதுதான். முந்தின நாள் சாயங்காலம் கலைக்கூடத்து இயக்குநர் அறையில் ஃபிரிட்ஜ் நின்றுபோனது. மறுநாள் பெரிய விருந்தினர் ஒருவர் வருகிறார், அவருக்குக் குளிர்ந்த தண்ணீர் கொடுக்காவிட்டால் கலைக்கே தலைகுனிவு என்று இயக்குநர் போனில் குதித்தார். உதிரி சாமான் கடைகள் மூடியாகிவிட்டன. மெக்கானிக் வீட்டுக்கு ஓடினான். மனைவி மாடியில் காய்ந்த துணி எடுத்துக்கொண்டிருந்த நேரம் பார்த்து, சொந்த ஃபிரிட்ஜின் முதுகைத் திறந்து ரிலேயைக் கழற்றிக்கொண்டு போய் இயக்குநரின் ஃபிரிட்ஜில் மாட்டினான். ரிலே என்பது கம்பிரசரைத் தட்டி எழுப்புகிற சின்ன சாமான். அது இல்லாவிட்டாலும் கதவைத் திறந்தால் உள்ளே விளக்கு எரியும். குளிர் மட்டும் வராது. கடை திறந்ததும் புதிது வாங்கி மாட்டிவிட்டால் யாருக்குத் தெரியப்போகிறது என்று நினைத்து நிம்மதியாகத் தூங்கினான்.

விடிந்தபோது பால் திரிந்திருந்தது. அம்மாவின் இன்சுலின் வெதுவெதுவென்று கிடந்தது. இனி அதை உடம்பில் ஏற்ற முடியாது என்று அம்மா அறிவித்தாள். அறிவித்த கையோடு தீர்ப்பும் சொன்னாள்.

“ராத்திரி கதவைச் சரியா சாத்தாம விட்டிருக்கா. விடிய விடிய ஓடி மோட்டார் எரிஞ்சே போச்சு.”

மனைவி ஃபிரிட்ஜ் கதவைப் பார்த்தாள். தன் கையைப் பார்த்தாள். “சாத்தின ஞாபகம்தான் அத்தை…” என்றாள். பிறகு புருஷன் பக்கம் திரும்பினாள். வீட்டில் நிபுணர் அவன்தானே. “என்னங்க, கதவு திறந்து கிடந்தா அப்படி ஆகுமா?”

மெக்கானிக் பாலில்லாத காபியை ஒரு மிடறு விழுங்கினான். “ஆகலாம்” என்றான்.

அதற்குப் பிறகு அவள் முகம் போன போக்கைப் பார்க்க அவனுக்குத் தெம்பில்லை. ஆனால் பார்த்துவிட்டான். செய்யாத தப்பைச் செய்ததாக ஒருத்தி நம்பத் தொடங்குகிற முகம் அது. பையைத் தூக்கிக்கொண்டு விறுவிறுவென்று வெளியே வந்துவிட்டான்.

கலைக்கூடத்துக்கு வந்தது, இயக்குநரின் ஃபிரிட்ஜ் ஒழுங்காக ஓடுகிறதா என்று ஒரு நடை பார்த்துவிட்டுப் போகத்தான். ஜம்மென்று ஓடிக்கொண்டிருந்தது. தன் வீட்டுக் குளிர் யார் வீட்டுத் தண்ணீர் பாட்டிலுக்கோ உழைப்பதைக் கொஞ்ச நேரம் வயிறெரியப் பார்த்துவிட்டு, கடைக்குப் போகலாம் என்று கிளம்பினான். நடையில் இயக்குநர் வழி மறித்தார்.

“நீங்க சாதாரண ஆள்தானே?”

“ஆமா சார்.”

“கலை ஏதாவது படிச்சிருக்கீங்களா? சொந்தத்துல யாராவது ஓவியர்?”

“மச்சினன் கடைக்கு போர்டு எழுதுவான் சார்.”

“அது பரவாயில்லை, வாங்க” என்று தோளில் கை போட்டு அழைத்துக்கொண்டு போனார். இதுவரை அந்தக் கட்டடத்தில் அவன் தோளில் கேஸ் சிலிண்டரைத் தவிர வேறெதுவும் ஏறியதில்லை.

விஷயம் என்னவென்றால், அந்தக் கலைக்கூடத்துக்கு ஒரு விதி உண்டு. அர்த்தம் இல்லாமல் எந்தப் படமும் சுவரில் தொங்கக் கூடாது. அர்த்தத்தை முடிவு செய்யப் பொருள் நிர்ணயக் குழு என்று ஒன்று இருக்கிறது. குழுவில் ஒரு பேராசிரியர், ஒரு சட்ட ஆலோசகர், யார் எவ்வளவு தள்ளி நின்று பார்க்கலாம் என்று அளக்கிற ஒரு தூர அதிகாரி, இவர்களோடு பொதுமக்கள் சார்பில் ஒரு ‘சாதாரணர்’ இருக்க வேண்டும். பழைய சாதாரணர் கூட்டங்களுக்கு வந்து வந்து, நல்லாயிருக்கு என்று சொல்வதை விட்டுவிட்டு ‘இதில் ஒரு வெற்றிடம் பேசுகிறது’ என்று சொல்ல ஆரம்பித்துவிட்டார். தகுதி இழந்தார் என்று வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். அந்த இடம் காலியாக இருந்தது. விருந்தினர் மதியம் வருகிறார். அவருக்குக் காட்ட வேண்டிய படத்துக்கு இன்னும் அர்த்தம் முடிவாகவில்லை.

படம் கூடத்தின் நடுச்சுவரில் தொங்கியது. நீல உடை போட்ட ஒரு பெண், ஜன்னலோரம் உட்கார்ந்திருக்கிறாள். இம்ப்ரெஷனிச பாணி. அதாவது, கோடு போட்டு வரையாமல் வெளிச்சம் விழுந்த இடத்திலெல்லாம் சின்னச் சின்னதாகத் தூரிகையைத் தீற்றி வைத்திருந்தார்கள். தள்ளி நின்றால் பெண். கிட்டே போகப் போக அவள் கலைந்து வெறும் பெயிண்ட் ஆகிவிடுவாள். தரையில் கோடுகள் போட்டிருந்தார்கள். படத்துக்கு மூக்கு முட்டுகிற கோடு இயக்குநருக்கு, அடுத்தது முனைவர்களுக்கு, அடுத்தது பட்டதாரிகளுக்கு. சாதாரணர் கோடு கழிப்பறைக் கதவோரம் இருந்தது. இந்த ஏற்பாட்டினால் அந்தக் குழுவில் யாரும் இதுவரை அந்தப் பெண்ணைப் பார்த்ததே இல்லை.

தூர அதிகாரி டேப்பைப் பிடித்து அளந்து, மெக்கானிக்கின் செருப்பு நுனியைக் கோட்டோடு ஒட்ட வைத்தார். “இதைத் தாண்டினா உங்க கருத்து செல்லாது” என்றார்.

இயக்குநர் தொண்டையைச் செருமிக்கொண்டார். “இந்தக் கலைக்கூடம் மக்களோட சொத்து. மக்கள் தாராளமா வரலாம், பாக்கலாம். ஆனா ஆளாளுக்கு நினைச்சதை நினைச்சுட்டுப் போனா, அப்புறம் நாங்க எதுக்கு? ஒரு படத்தைப் பாத்து ஒருத்தர் தானா ஒண்ணு புரிஞ்சுக்கிட்டார்னா, அன்னைக்கு இந்த நிறுவனம் தோத்துப்போச்சுன்னு அர்த்தம். அந்த நிலைமை வராம இத்தனை வருஷம் காப்பாத்தியிருக்கோம்.”

எல்லோரும் கை தட்டினார்கள். மெக்கானிக்கும் ஒரு கையில் பை இருந்ததால் தொடையில் தட்டினான்.

பேராசிரியர் கண்ணாடியைக் கழற்றிக்கொண்டு தீற்றல்களை முகர்ந்து பார்க்கிற மாதிரி குனிந்தார். “என் நிலைப்பாடு மாறலை. இது பெண்ணே இல்லை. வெளிச்சம் தன்னைத்தானே கேட்டுக்கிற கேள்வி.”

“கேள்வியைச் சுவர்ல மாட்ட விதியில இடமில்லை” என்றார் சட்ட ஆலோசகர். “உணர்ச்சி ஒண்ணு குறிப்பிட்டாகணும். மகிழ்ச்சின்னு போட்டா, இந்தக் காலத்துல எதுக்கு மகிழ்ச்சின்னு கேப்பாங்க. சோகம்னு போட்டா, நம்ம நிர்வாகத்துல சோகமான்னு கேப்பாங்க. அமைதின்னு போட்டா, மத்த படமெல்லாம் சண்டையான்னு கேப்பாங்க. அதான் இழுத்துக்கிட்டே கிடக்கு.”

இயக்குநர் மெக்கானிக் பக்கம் திரும்பினார். “நீங்க சொல்லுங்க. பயப்படாதீங்க. அந்தப் பொண்ணு முகத்தைப் பாத்தா என்ன தோணுது?”

மெக்கானிக் பார்த்தான். கழிப்பறைக் கதவோரத்திலிருந்து பார்த்தபோது அவள் முழுசாகத் தெரிந்தாள். தலை லேசாகச் சாய்ந்திருந்தது. வாய் எதையோ சொல்ல வந்து நின்றுபோயிருந்தது. கண்கள் பக்கவாட்டில், சட்டத்துக்கு வெளியே நிற்கிற யாரையோ பார்த்தன. இந்த முகத்தைக் காலையில்தானே பார்த்தோம் என்று அவனுக்குத் திக்கென்றது. யோசிக்காமல் வாயை விட்டான்.

“ஏதோ தப்பு பண்ணினவ மாதிரி முழிக்கிறா சார்.”

பேராசிரியர் மெல்ல நிமிர்ந்தார். “குற்ற உணர்வு!” என்றார். “மகிழ்ச்சியுமில்லை, சோகமுமில்லை. நான் இதைத்தான் வேற வார்த்தைகள்ல சொல்லிக்கிட்டிருந்தேன்.” தூர அதிகாரி கண்ணைத் துடைத்துக்கொண்டார். இயக்குநர் மெக்கானிக்கின் கையைப் பிடித்துக் குலுக்கினார். கிரீஸ் ஒட்டியதைக் கூடப் பொருட்படுத்தவில்லை.

உண்மையைச் சொல்ல வேண்டும், மெக்கானிக்குக்குக் கொஞ்சம் பெருமையாகத்தான் இருந்தது. அவன் சொன்னதை நாலு படித்தவர்கள் ஒப்புக்கொண்டது வாழ்க்கையிலேயே முதல் தடவை. வந்த வேலை முடிந்தது என்று பையை எடுத்தான்.

“ஒரு நிமிஷம்” என்றார் சட்ட ஆலோசகர். “என்ன தப்பு?”

“தெரியலையே சார்.”

“அப்படி விட முடியாது. தப்பு பண்ணின ஒருத்தியை, பொதுப் பணத்துல வாங்கி, ஸ்கூல் பிள்ளைங்க வர்ற கூடத்துல உட்கார வச்சிருக்கோம். நாளைக்கு யாராவது கேட்டா நான் என்ன பதில் சொல்றது? முறைப்படி விசாரிச்சாகணும்.”

விசாரணை அப்போதே தொடங்கியது. படத்துக்கு முன்னால் மேஜை போட்டார்கள். ஒருதலைப்பட்சமாக நடந்ததாகப் பேச்சு வரக் கூடாதென்று படத்துக்குக் கீழே ஒரு டம்ளர் தண்ணீரும் வைத்தார்கள். டீ கொடுக்கிற அம்மாள் அந்தத் தண்ணீரை வைக்கும்போது படத்தை ஒரு தரம் நிமிர்ந்து பார்த்து, உச்சுக் கொட்டிவிட்டுப் போனாள்.

“உங்க மேல சொல்லப்பட்ட குற்றத்துக்கு ஏதாவது பதில் சொல்றீங்களா?” என்று சட்ட ஆலோசகர் படத்தைப் பார்த்துக் கேட்டார். எல்லோரும் மரியாதையாகக் காத்திருந்தார்கள். அவள் ஒன்றும் சொல்லவில்லை. “மறுக்கலை. குறிச்சுக்கோங்க” என்றார்.

அடுத்து பேராசிரியர் சாட்சியம் சொன்னார். அந்தப் பெண்ணின் இடது கை படத்தில் இல்லை, சட்டத்துக்குக் கீழே மறைத்து வைத்திருக்கிறாள், அதில் என்ன இருக்கிறதோ. முகத்தில் ஒரு கோடு கூட நேராக இல்லை, அடையாளம் தெரியக் கூடாதென்றுதான் இப்படி மங்கலாக உட்கார்ந்திருக்கிறாள். “எல்லாத்தையும் விட முக்கியம், நிழல். உலகத்துல நிழல்னா கறுப்பு. இவ நிழலைப் பாருங்க, ஊதா! நிழல்லயே பொய் சொல்றவ மத்ததுல என்ன பண்ணியிருக்க மாட்டா?”

“அந்தக் காலத்துல இந்த மாதிரி வரையறவங்க எல்லாருமே நிழலுக்கு ஊதா போடுவாங்கன்னு நீங்களே போன மாசம் எழுதியிருக்கீங்களே” என்றார் தூர அதிகாரி.

“அப்போ கூட்டுச் சதி” என்றார் சட்ட ஆலோசகர்.

விளையாட்டு வினையாகிறது என்று மெக்கானிக்குக்குத் தெரிந்தது. சொன்னது என்னவோ ஒரு வார்த்தைதான். ஆனால் காலையில் சொன்னதும் ஒரு வார்த்தைதான். அந்த நேரத்தில் வீட்டில் என்ன நடந்துகொண்டிருக்கும் என்று நினைத்தான். அம்மா நாற்காலியில் உட்கார்ந்து அதே குற்றப்பத்திரிகையை முதலிலிருந்து படித்துக்கொண்டிருப்பாள். மனைவி ஒன்றும் சொல்ல மாட்டாள். மறுக்கவில்லை, குறித்துக்கொள்ளுங்கள்.

“உத்தரவு” என்றார் இயக்குநர். “குற்றம் இல்லைன்னு நிரூபணம் ஆகிற வரைக்கும் இந்தப் பெண்மணியைச் சுவர் பக்கம் திருப்பி வைக்கணும். மக்கள் முதுகை மட்டும் பாக்கலாம்.”

இரண்டு பேர் வந்து படத்தைக் கழற்றினார்கள். அவள் திரும்பும்போது அந்தப் பக்கவாட்டுக் கண் ஒரு கணம் நேராக மெக்கானிக்கைப் பார்த்தது. என்னங்க, அப்படி ஆகுமா? அவனால் தாங்க முடியவில்லை. கோட்டைத் தாண்டி ஓடினான்.

“நிறுத்துங்க சார்! அவ ஒண்ணும் பண்ணலை. நான் சொன்னது தப்பு.”

“கோட்டைத் தாண்டிட்டீங்க” என்றார் தூர அதிகாரி. மெக்கானிக் திரும்பக் கழிப்பறைக் கதவோரம் போய் நின்றுகொண்டு அதையே மறுபடி சொன்னான்.

“பண்ணலைன்னா எதுக்கு அந்த முழி?” என்று கேட்டார் சட்ட ஆலோசகர்.

“பண்ணாதவங்களுக்கும் அந்த முழி வரும் சார். நம்ம மனுஷன் ஒருத்தன் பக்கத்துல நின்னுக்கிட்டு, உண்மை தெரிஞ்சும் வாயை மூடிக்கிட்டு இருந்தா வரும். அவ முழியில இருக்கிற தப்பு அவளோடது இல்லை. என்னோடது.” அப்புறம் ரிலே, பால், இன்சுலின், ஆகலாம் எல்லாவற்றையும் கொட்டித் தீர்த்துவிட்டான். சொல்லும்போது குரல் உடைந்தது. வெட்கமாக இருந்தது, கூடவே மார்பிலிருந்து ஏதோ இறங்கின மாதிரியும் இருந்தது.

இயக்குநர் கைக்குட்டையால் மூக்கைத் துடைத்துக்கொண்டார். “பாத்தீங்களா? ஒரு சாதாரண மனுஷன், அந்தப் பொண்ணைக் காப்பாத்த, தான் பண்ணாத தப்பையெல்லாம் தன் தலையில ஏத்திக்கிறார். கலையோட சக்தி இதுதான்!”

“இல்லை சார், நிஜமாவே நான்தான்…”

“உங்க பெரிய மனசு புரியுது.”

“சார், அந்த ரிலே உங்க ஃபிரிட்ஜுலதான் இருக்கு. வேணும்னா கழட்டிக் காட்டறேன்.”

“உருவகம்!” என்றார் பேராசிரியர் மெய்ம்மறந்து. சட்ட ஆலோசகர் சாட்சியின் இந்த அளவு துடிப்பு குற்றத்தின் கனத்தையே காட்டுகிறது என்று குறிப்பு எழுதினார். படம் சுவர் பக்கம் திரும்பியது.

மதியம் விருந்தினர் வந்தார். ஆணியும் மரச்சட்டமும் பழுப்புத் துணியுமாகத் தெரிந்த முதுகுக்கு முன்னால் கையைக் கட்டிக்கொண்டு நெடுநேரம் நின்றார். “ஆழமா இருக்கு” என்றார். இயக்குநர் கண் கலங்கக் குளிர்ந்த தண்ணீரை நீட்டினார். விருந்தினர் கழுத்தைத் தடவிக்கொண்டு, “தொண்டை சரியில்லை, வெந்நீர் கிடைக்குமா?” என்றார்.

அதைக் கேட்டபோது மெக்கானிக்குக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தன. நேரே இயக்குநர் அறைக்குப் போய் ஃபிரிட்ஜின் முதுகைத் திறந்து, ரிலேயில் கை வைத்தான். எடுத்துக்கொண்டு போய்விட்டால் நாளைக்கு இங்கே தண்ணீர் குளிராது. குளிராவிட்டால் இயக்குநர் யாரைக் கேட்பார்? டீ கொடுக்கிற அம்மாள் கதவைச் சரியாகச் சாத்தவில்லை என்பார். கையை எடுத்துக்கொண்டு, மூடியைத் திருகிவிட்டு, கடைக்குப் போய்ப் புது ரிலே வாங்கிக்கொண்டு வீட்டுக்குக் கிளம்பினான்.

வழியெல்லாம் வார்த்தைகளைக் கோத்துப் பார்த்தான். கலைக்கூடத்தில் அத்தனை பெரிய மனிதர்களுக்கு முன்னால் சொல்லியாகிவிட்டது, வீட்டில் சொல்வதா கஷ்டம் என்று நினைத்தான். வாசலில் செருப்பைக் கழற்றும்போதே கஷ்டம் என்று தெரிந்துவிட்டது.

சமையலறையில் ஃபிரிட்ஜ் கதவின் கைப்பிடியிலிருந்து பக்கத்து ஜன்னல் கம்பி வரைக்கும் ஒரு பழைய நாடா இழுத்துக் கட்டியிருந்தது. மனைவி புடவைத் தலைப்பில் கையைத் துடைத்துக்கொண்டு, “இனிமே மறக்காது பாருங்க” என்றாள். “சாத்தினா கட்டிடணும்னு வச்சுக்கிட்டேன். கட்டலைன்னா சாத்தலைன்னு தெரிஞ்சுபோயிடும்ல.”

“மருந்து?”

“புதுசு வாங்கிட்டு வந்து பக்கத்து வீட்டு ஃபிரிட்ஜுல வச்சிருக்கேன். அவங்க கதவைச் சாத்தினேனான்னு சந்தேகமாவே இருந்துச்சு. திரும்பத் திரும்பப் போய்ப் பாத்தேன். அவங்க கூடச் சிரிச்சாங்க.”

அவள் சிரிக்க முயன்றாள். கலைக்கூடத்து நீல உடைக்காரி தேவலாம், அவளுக்குக் குறைந்தது சுவர் பக்கம் திரும்பிக்கொள்ள வழி இருந்தது. மெக்கானிக் பையிலிருந்து ரிலேயை எடுத்து அவள் உள்ளங்கையில் வைத்தான்.

“கதவு திறந்தே இல்லை. நம்ம ஃபிரிட்ஜுல இருந்த இந்த மாதிரி சாமானை நான்தான் கழட்டிட்டுப் போனேன். உன் மேல பழி விழுந்தப்போ பேசாம இருந்துட்டேன்.”

அவள் அந்தச் சாமானைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். கத்தவில்லை. கத்தியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். “காலையில நான் உங்களைத்தானே கேட்டேன்” என்றாள். பிறகு, “இதை அத்தைகிட்டச் சொல்லுங்க” என்றாள்.

அம்மா கூடத்தில் நாற்காலியில் இருந்தாள். மெக்கானிக் எதிரில் போய் நின்றான். எங்கே கோடு போட்டிருக்கிறதென்று தெரியாமல் கால் தடுமாறியது. ஆரம்பத்திலிருந்து முடிவு வரைக்கும், ஒன்று விடாமல் சொன்னான். அம்மா முழுவதையும் கேட்டாள். கேட்டு முடித்து அவன் கன்னத்தைத் தடவினாள்.

“பொண்டாட்டி திட்டு வாங்கக் கூடாதுன்னு பழியைத் தன் மேல போட்டுக்கிறான் பாரு” என்றாள். “அப்படியே உங்கப்பா மாதிரி மனசுடா உனக்கு.”

“அம்மா, நிஜமாவே நான்தான்மா! புது ரிலே கூட அவ கையிலதான் இருக்கு!”

“அதையும் காசு குடுத்து வாங்கிட்டு வந்துட்டியா?” என்று அம்மாவுக்குக் கண்ணில் தண்ணீரே வந்துவிட்டது. பிறகு சமையலறைப் பக்கம் குரலை உயர்த்தினாள். “ஏம்மா, இப்படி ஒரு புருஷன் கிடைக்கக் குடுத்து வச்சிருக்கணும். இனிமேலாவது கதவைப் பாத்துச் சாத்து.”

அவன் சமையலறைக்குத் திரும்பினான். மனைவி ரிலேயை நீட்டினாள். ஃபிரிட்ஜுக்குப் பின்னால் மண்டியிட்டு மாட்டினான். கம்பிரசர் ஒரு உறுமல் உறுமி ஓட ஆரம்பித்தது. எழுந்து வந்து, வெட்கத்தோடு நாடாவை அவிழ்க்கப் போனான்.

“அது இருக்கட்டும்” என்றாள் மனைவி. “இனிமே தினமும் நீங்களே அவிழ்த்து, நீங்களே கட்டுங்க.”

“எத்தனை நாளைக்கு?”

“அத்தை நம்புற வரைக்கும்.”

கூடத்தில் அம்மா, பிள்ளையின் பெரிய மனசைப் பற்றிப் போனில் தன் தங்கையிடம் சொல்லத் தொடங்கியிருந்தாள்.